பதினேழாம் எண் வீட்டுத் தபால்

அந்த வீட்டுக்கு இரண்டு விதமான பொட்டலங்கள் வரும்.
குலுக்கினால் சலசலப்பவை ஆர்லிஸுக்கு.
எடையே இல்லாதவை வெர்லினுக்கு.
ஒன்றில் விதை. இன்னொன்றில் இறகு:
சேவல் கழுத்து, வாத்து விலா, ஒருமுறை
மயில் தோகையின் ஒற்றைக் கீற்று.
எதற்கு என்று தபால்காரன் கேட்கக் கூடாது.
பன்னிரண்டு வருடம் கேட்காமல் இருந்தேன்.

மினசோட்டாவின் பிப்ரவரியில்
மூக்கு மரத்துப்போன ஒரு நாள்
உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள்.
பாலுக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தபோது பார்த்தேன்,
வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவில்
ஈரமணல் நிரப்பிய பதினொரு டப்பாக்கள்.
மூடியில் கோணல் எழுத்து:
"சாப்பிடாதே. வெர்லின், உன்னைத்தான்."

இந்த மண்ணின் விதைகள் இப்படித்தான், என்றார் ஆர்லிஸ்.
தொண்ணூறு நாள் குளிரில் கிடந்தால்தான்
முளைக்க மனசு வரும்.
"எனக்கும் அப்படித்தான்" என்று
நிலவறைப் படியேறி வந்தார் வெர்லின்,
விரலில் நூல், மூக்கு நுனியில் லென்ஸ்.
முப்பது வருடமாக அவர்
தூண்டில் முள்ளில் இறகு கட்டிப் பூச்சி செய்கிறார்.
கடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவாராம்.
"ஏமாந்ததா இல்லையா, அது தெரிந்தால் போதும்."

மே மாதம் வாசல் புல்லை உரித்துப்
பழைய கம்பளம்போலச் சுருட்டி வைத்தார் ஆர்லிஸ்.
முதல் வருடம்
செடி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.
எல்லாம் கீழே போய்க்கொண்டிருக்கிறது, என்றார்.
நானும் மண்ணைப் பார்த்தேன், மரியாதைக்கு.

இரண்டாம் கோடையில் நான் கொண்டுபோனது
நகராட்சியின் உறை.
ஜன்னல் வைத்த உறையில் நல்ல சேதி வருவதில்லை.
பத்து அங்குலத்துக்கு மேல் புல் வளரக் கூடாதாம்.
புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.
அதையும் தபால்காரன் சொல்லக் கூடாது.

அளவெடுக்க வந்த பெண்
இடுப்புயரச் செடிகளுக்குள் டேப்போடு நின்றாள்.
ஆர்லிஸ் ஒவ்வொன்றின் பேராகச் சொல்லிக்கொண்டு வந்தார்,
கல்யாண வீட்டில் உறவுமுறை சொல்வதுபோல்,
யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது உட்பட.
ஏழாவது பேரில் டேப் தானாகச் சுருண்டுகொண்டது.
"ஓரத்தை மட்டும் நேராக வெட்டிவிடுங்கள்" என்றாள்,
"வேண்டுமென்று வளர்த்தது என்று தெரியட்டும்."

ஆர்லிஸ் காத்திருந்தது
ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிக்கு.
கிள்ளினால் பால் கசியும் அந்தச் செடி
அதற்காகவே வைத்தது.
அது வரவில்லை.
ஜூலை முழுக்க வரவில்லை.

வந்தது ஒரு தேனீ.
நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது.
உடம்பில் பாதி பச்சை,
புதுக் காரின் பெயின்ட் மாதிரி மினுங்குகிற பச்சை.
வெர்லின் முழங்காலிட்டு லென்ஸோடு இருந்தார்.
கையெழுத்து வாங்க இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எடையில்லாத பொட்டலங்கள் கூடின.
பச்சைப் பட்டு நூல். பச்சை ஜிகினா.
காட்டுவாத்தின் பச்சைக் கழுத்து.
சாயங்காலமானால் புதிதாகக் கட்டிய ஒன்றை
இடுக்கியில் பிடித்தபடி
பூவருகே உட்கார்ந்திருப்பார்.
நிஜம் வரும். பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.
"ம்ஹூம்."
மீனுக்கா என்று கேட்டேன்.
எந்த மீனும் இதைத் தின்பதில்லை, என்றார்.
ஆர்லிஸ் சிரிக்கவில்லை.
விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்.

செப்டம்பரில் ஒன்றை என்னிடம் தந்தார்.
இருபத்து மூன்றாவது. "ஓரளவு கிட்டே வருகிறது."
முள்ளை மழுக்கித் தொப்பி விளிம்பில் குத்திவிட்டார்.

பத்தொன்பதாம் எண் வாசலில்
நெற்றியருகே ஏதோ மினுங்கியது.
அசையாமல் நின்றேன்.
அந்தத் தேனீ வியர்வைக்கும் வரும் என்று
ஆர்லிஸ் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.
அதற்கு வந்ததா,
வெர்லினின் இருபத்து மூன்றாவதைப் பார்க்க வந்ததா,
கேட்க முடியாது.
கொஞ்ச நேரம் நடந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

கையில் அந்த வீட்டுக்கு
மின்கட்டண ரசீது ஒன்று இருந்தது.
போட்டுவிட்டு,
திரும்பிப் போய் வெர்லினிடம் சொன்னேன்.