வயசுக் கோளாறு

பியெல்லா ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
பிறந்த தேதி கேட்கிறாள் நர்ஸ்,
காலையிலிருந்து நாலாவது முறை.
அதேதான் அம்மா, மாற்றிக்கொள்ள வேறு இல்லை என்கிறேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொள்கிறாள்:
எர்மெலிண்டா, எண்பத்து மூன்று.

முதல் ரத்தம் பிப்ரவரியில்.
பீங்கானில் ஒரு நிறம்.
எனக்கு நிறங்கள் தெரியும்.
பத்தொன்பதில் சாயப்பட்டறைக்குப் போனவள்,
ஒன்பதாம் தொட்டி, கம்பளி நூல்.
திங்கள் சிவப்பாகவும் வியாழன் நீலமாகவும்
ஆறு ஓடிய காலம் அது.
இது சிவப்பில்லை,
சிவப்பை அலசிய மூன்றாம் தண்ணீர்
என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஊர் டாக்டர் நிமிராமல் சொன்னார்:
"இந்த வயசில் பெண்களுக்குச் சகஜம். கிருமி."
மாத்திரை. நின்றது. வந்தது. மாத்திரை.
மூன்று சுற்று முடிவதற்குள்
செர்ரி பழுத்து உதிர்ந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் மிர்கோ, நாற்பத்து நாலு.
லாரி ஓட்டுகிறவன்,
விட்ட சிகரெட்டை இன்னும் விரலிடுக்கில் தேடுகிறான்.
அவனுடைய டாக்டர் சொன்னாராம்:
"இந்த வயசில் அதுவா? கல்லாக இருக்கும். தண்ணீர் குடி."
எட்டு மாதம் குடித்தான்.
அவனுக்கு வயசு போதவில்லை,
எனக்கு மிஞ்சிவிட்டது.

டாக்டர் கலியார்தோ ஒரு கோடு வரைந்து காட்டினாள்.
ஐம்பது வரை தரையோடு தரையாக வந்து
அறுபதில் தலைதூக்கி
எழுபதில் மலையேறுகிற கோடு.
தரையில் ஒரு புள்ளி வைத்து, இது நான் என்றான் மிர்கோ.
சாயம் அன்றைக்கே உள்ளே போயிருக்கலாம் என்றாள் என்னிடம்.
ஒரு தப்பு நடக்க ஒரு நாள் போதும்,
அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறவன் களைத்துப்போக
அறுபது வருஷம் ஆகிறது.
இருக்கலாம்தான், சத்தியம் செய்ய முடியாது என்றும் சேர்த்தாள்.

பிறகு பரீட்சை.
கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழுந்து உட்கார்ந்தேன்.
பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரைந்தேன்.
தேர்ச்சிதான்.
"கால்களுக்கு எழுபது வயசு, சிறுநீரகத்துக்குத் தொண்ணூறு" என்றாள்.
ஒரே வீட்டில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள்,
வரிச்சீட்டு மட்டும் என் பேரில்.

"பையையே எடுத்துவிடலாம், அதுதான் உறுதி.
ஆனால் நீண்ட மயக்கம். இந்த வயசில்..."
நிறுத்தாதே, சொல்லு என்றேன்.
எல்லோரும் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறீர்கள்,
பனி மூடிய கணவாயில் பஸ் நிற்கிற மாதிரி.
சொன்னாள்.
பிழைக்காதவர்கள் உண்டு.
பிழைத்தும் சொந்த வீட்டுக்குத் திரும்பாதவர்கள்
அவர்களைவிட அதிகம்.
என் சமையலறைச் சாவியைப் பைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே எனக்குக் கிருமி.
மாட்டுக் காசநோய், நோஞ்சானாக்கி, உயிரோடு,
வாரத்துக்கு ஒன்று, குழாய் வழியே.
உள்ளே தூங்குகிற காவலர்களை அது தட்டி எழுப்புமாம்.
இந்த வயசில் எழுந்திருப்பார்களா?
"சிலர்" என்றாள். அந்த நேர்மை பிடித்திருந்தது.

மிர்கோவுக்குக் கத்தி.
குடலில் புதுப் பை தைத்துக்கொண்டு
பத்தாம் நாள் தாழ்வாரத்தில் நடந்தான்,
நர்ஸுகள் கை தட்டினார்கள்.
இளமை கத்தியைத் தாங்கும்.
நிணக் கணுவரை போய்விட்டதைத்
திரும்பக் கூப்பிட அதற்குத் தெரியாது.
இப்போது மருந்தேற்ற வருகிறான்,
புருவமில்லாமல்.

இடப்பக்கம் கால் மணி, வலப்பக்கம் கால் மணி,
குப்புற, மல்லாக்க.
இரண்டு மணி நேரம் அடக்கிவைக்கச் சொல்கிறாள் நர்ஸ்.
என் பைக்கு ஒன்றேகால்தான் கணக்கு.
ஜன்னலில் மழை வேறு.

மருந்துக் கம்பத்தை உருட்டிக்கொண்டு மிர்கோ வந்து உட்கார்ந்தான்.
இன்னும் நாற்பது நிமிஷம், ஏதாவது பேசு என்றேன்.
எதைப் பற்றி?

தண்ணீரைத் தவிர
எதைப் பற்றியும்.