எண்ணிக்கை மட்டும்

புதுவயலில் அரவை ஓயாத மதியம்.
உமி பறந்துவந்து
என் படிவத்தின் ஓரத்தில் உட்கார்ந்தது.
இருநூற்றுப் பதினோராவது ஆள்:
பஞ்சவர்ணம், வயது நாற்பத்தாறு,
அவித்த நெல் காயும் களத்தில் வேலை.

முறை எளிது. காரைக்குடியில் நெறியாளர்
வெண்பலகையில் வரைந்து காட்டியதுதான்:
வெள்ளைத் தாளில் நாலு செயல்,
மஞ்சள் தாளில் அதே நாலோடு
இன்னொன்று.
எதைச் செய்தீர்கள் என்று கேட்கக் கூடாது,
எத்தனை என்று மட்டும்.
இரண்டு சராசரிக்கும் நடுவே
ஊரின் ரகசியம் விழும்,
யார் மடியிலிருந்து விழுந்தது என்று தெரியாமல்.

பஞ்சவர்ணத்துக்கு மஞ்சள் வந்தது.
வாசித்தேன்:
கூட்டத்துக்குப் போனது.
நோட்டீஸ் வாங்கிப் படித்தது.
வேட்பாளரிடம் குழாய்த் தண்ணீர் கேட்டது.
வாசலில் சின்னத்தைக் கோலமாகப் போட்டது.
ஓட்டுக்குப் பணம் வாங்கியது.
"எத்தனைன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

"அஞ்சும்."

பேனா நின்றது.
நாலு என்றிருந்தால் தப்பித்திருப்பாள்,
மூன்று என்றாலும்.
ஐந்து என்பவளை
எந்தச் சராசரியாலும் மூடிவைக்க முடியாது.
"எதெதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோகுமேக்கா."
"தெரியட்டும். குடுத்தவன் வெக்கப்படல.
தண்ணிதான் இன்னும் வரல, அதையும் எழுது."
அதற்குக் கட்டம் இல்லை.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள்:
"ஒம் படிப்புலயும் ஒரு மஞ்சத் தாளு இருக்குமே?
எத்தனைன்னு மட்டும் சொல்லு, போதும்."

சிரித்தேன். பிறகு எண்ணினேன்.
ஒரு வரிகூட எழுதாதவர் பெயரை
என் கட்டுரையில் முதலாவதாகப் போட்டது.
உதவித்தொகை எட்டு மாதமாக வராதபோது
வளையலை அடகு வைத்து
ஆய்விதழுக்கு நாலாயிரம் கட்டியது.
திறந்தே பார்க்காத புத்தகத்துக்கு
அடிக்குறிப்பு, பக்க எண்ணோடு.
கல்லலில் மழை பிடித்த அன்று
பூட்டிக் கிடந்த இரண்டு வளவு வீடுகளுக்கு
பஸ் ஸ்டாப்பில் நானே நிரப்பிய படிவங்கள்,
இரண்டும் வெள்ளை,
இரண்டிலும் 'இரண்டு'.

"மூணு" என்றேன்.

அவள் எதெது என்று கேட்கவில்லை.
வெயில் நகர்ந்திருந்த பக்கமாக
நெல்லைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இரவு விடுதியில் அந்த ஐந்தைத் தட்டினேன்.
நெறியாளர் சிவப்பில் குறித்து அனுப்பியிருக்கிறார்:
'உச்ச விடை. ஒன்றே ஒன்று.
நீக்கிவிட்டுப் பார்.'

பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
நீக்காமல்.