கால் சுற்று

நாரான் தூல் சந்தையில்
உணரி பன்னிரண்டாயிரம் துக்ரிக் என்றான்.
பத்தரைக்குக் கேட்டு வாங்கினேன்.
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு எஃகு வலை,
அடியில் ஆறு கால்கள்.
அடுப்பு வாயுவை இது முகருமா?
"எல்லாவற்றையும் முகரும் அக்கா."
அவன் எச்சரித்திருக்கிறான்.
நான்தான் விளம்பரம் என்று கேட்டுக்கொண்டேன்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடந்தது.
மிஜித்தின் பழைய சார்ஜரில் ஐந்து வோல்ட்.
மகளின் சக்கரம் போன ஆம்புலன்சைப் பிளந்து
உள்ளேயிருந்த பஸ்ஸரை எடுத்தேன்
(அவள் இன்னும் மன்னிக்கவில்லை).
உறைக்குத் தேயிலை டப்பா.
மின்சாரம் போன மாலையில்
பற்றவைப்புக் கோலின் முனையைக்
கங்குக்குள் செருகிக் காயவைத்தேன்.
பகலெல்லாம் கஷ்மீர் ஆலையில்
முடிச்சு தேடும் விரல்கள் இவை,
முடி அளவு கம்பிக்கு அஞ்சவில்லை.
ஈயம் உருகி, ஒரே ஒரு நொடி கண்ணாடியாகி
என் மூக்கைக் காட்டிவிட்டு
மங்கியது.

மேல்வரிசை மூன்றாவது வேலிக்குள்
போன குளிர்காலம் நடந்ததை
எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை.
படுக்கும் முன் புகைபோக்கியை மட்டும்
இரண்டு முறை பார்க்கிறோம்.

உணரியை முதலில் இரண்டு நாள்
வெறுமனே சூடேற்றி வைக்க வேண்டுமாம்.
வைத்தேன்.
பிறகு அந்த நீலக் கட்டி, அதன் தலையில்
கடுகளவு பித்தளைத் திருகு:
இடப்பக்கம் திருப்பினால் பதறும்,
வலப்பக்கம் திருப்பினால் பொறுக்கும்.
இடப்பக்கம் திருப்பிவிட்டுப் படுத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் அலறியது.
கதவை உதைத்துத் திறந்து
குழந்தையைப் போர்வையோடு வாரி
மைனஸ் முப்பத்தொன்றில் வெறுங்காலோடு நின்றோம்.
நாய் எங்களைப் பார்த்தது.
மிஜித் கூரைத் துணியை இழுத்துத் திறந்தான்.
உள்ளேயிருந்த சூடெல்லாம்
வெள்ளையாக மேலே போய்க்கொண்டிருந்தது.
அடுப்பில் குற்றமில்லை. குழாயில் குற்றமில்லை.
டப்பாவுக்கு நேர் கீழே,
எந்நேரம் வந்தானோ,
மிஜித்தின் தம்பி கல்சான்
பூட்சைக்கூடக் கழற்றாமல்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
ஒவ்வொரு மூச்சுக்கும் பஸ்ஸர் பதில் சொன்னது.

குளிரில் சிரித்தால் பல் வலிக்கும்.
சிரித்தோம்.

மறுநாள் சின்னத் திருப்புளியோடு உட்கார்ந்தேன்.
கால் சுற்று வலப்பக்கம் திருப்பினால்
கல்சானின் ஓட்கா பிழைத்துப்போகும்.
அதே கால் சுற்றில்
வேறு எது எங்களைக் கடந்துபோகும் என்று
தாளில் எழுதி வைக்க
என்னிடம் அளவுகோல் இல்லை.
ஒருவனைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை
எங்கள் மூவரின் மூச்சு வழியாகப் போகிறது.
திருப்புளியின் நுனி
பள்ளத்தில் உட்கார்ந்தபடியே இருந்தது.
பால் தேநீர் ஆடை கட்டியது.

"தொடாதே அண்ணி," என்றான் கல்சான்.
கண்கள் இன்னும் சிவந்திருந்தன.
"என் கட்டிலை அந்தப் பக்கம் போடு.
குடிக்கும் நாளில் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன்."
இந்தக் குளிரில் வண்டியில் படுத்தால்
விடியாது என்பது அவனுக்கும் தெரியும்.
கட்டிலை மட்டும் நகர்த்தினோம்.

அதன்பின் டப்பா அலறவே இல்லை.
அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.
காற்று நன்றாயிருப்பதால் இந்த மௌனமா,
டப்பா செத்துப்போனதால் இந்த மௌனமா?
மூன்று இரவு எழுந்து போய்
வலையின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.
நான்காம் நாள் ஒரு பச்சை எல்இடி சேர்த்தேன்,
ஆறு நொடிக்கு ஒருமுறை சிமிட்டும்படி.
செலவு இருநூறு துக்ரிக்.

கல்சான் தனக்கும் ஒன்று கேட்கிறான்.
மகள் ஆம்புலன்சைத் திருப்பிக் கேட்கிறாள்.
நான் இருட்டில் படுத்து
ஆறுவரை எண்ணுகிறேன்.