அச்சு

பெறுபேறு வருகிற இரவில்
சுன்னாகத்தில் கரண்ட் போகாமல் இருந்தால்
எனக்கு அதுவே சித்தி.
விடியமுன் பதினொரு பள்ளிக்கூடத்துக்கு
பிளெக்ஸ் அடித்து முடிக்கவேணும்.
எல்லாருக்கும் ஒரே நீலம், ஒரே வெற்றிக்கிண்ணம்,
முகங்களை மட்டும் மாற்றுவேன்.

அதிபர் கதிரையை இழுத்து
என் கணினிக்குக் கிட்ட இருந்தார்.
நாலு வருசம், நாலு தூண்.
தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றுமூன்று,
தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு.
"எல்லாம் ஒரே உயரமாத் தெரியுதே, பிள்ளை."
பூச்சியத்திலயிருந்து கீறினா அப்பிடித்தான், சேர்.
"அப்ப பூச்சியத்தை எடுத்துவிடன்."

எடுத்துவிட்டேன்.
அச்சு தொண்ணூறில் தொடங்கியது.
முதல் தூண் முழங்காலளவு,
கடைசித் தூண் கோபுரம்.
எந்த இலக்கத்தையும் நான் மாற்றவில்லை.
அதிபரும் மாற்றவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொருக்கால் பார்த்துவிட்டு
"இப்ப வடிவு" என்றார்.

மூன்று மாதம் கழித்து மிதுர்சன் வந்தான்.
பார்த்தவுடன் தெரிந்தது:
மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது முகம்.
அந்த நாடியிலிருந்த பருக்களை
ஒவ்வொன்றாக அழித்தது நான்தான்.
நேரில் அவை அப்படியே இருந்தன.

"வேலை இருக்கோ அக்கா?"

பத்தடிக்கு நாலடி.
சதுர அடி எண்பது ரூபா.
எவ்வளவு கேப்பாய்?

பத்தையும் நாலையும் கூட்டினான்.
பிறகு என் முகத்தைப் பார்த்தான்,
கழித்தான்.
கேள்வியை விட்டுவிட்டு
கேட்டவளை வாசிக்கிற பழக்கம்.
அந்த வாசிப்பில் அவன் பிழைவிடுவதில்லை:
நான் கோபப்படமுதல் சிரித்துவிட்டான்.
கணிதத்தில் அவனுக்கு சி.

இருந்தாலும் எடுத்தேன்.
ஏணியில் ஏறினால் காற்று எந்தப் பக்கம் இழுக்கும் என்று
கயிற்றைத் தொட்டுப் பார்த்தே சொல்லுவான்.
மழைக்குள்ளும் வேலைக்கு வருவான்.
போன மாசி மாதம் எனக்குக் காய்ச்சல்,
எழுத்துகளை அவனே அடித்தான்.
நான் போர்வைக்குள்ளிருந்து வந்து
முகங்கள் சரியோ என்று பார்த்து
பிரிண்டை அழுத்தினேன்.

'வாள்த்துகிறோம்.'

இருபதடி நீளம்.
ஸ்காபரோவிலிருந்து பழைய மாணவர் அனுப்பிய காசு.
காங்கேசன்துறை வீதியில் நாற்பது நாள் தொங்கியது.
அதன் கீழே நின்றுதான்
வலயக் கல்விப் பணிப்பாளர் மாலை வாங்கினார்.
பாண்ட் வாத்தியம் போனது, மினிபஸ்கள் போயின,
ரியூசன் முடிந்து சைக்கிள்கள் கூட்டமாகப் போயின.
பிள்ளைகளின் தலைக்கு மேலே
நடு எழுத்தில் உருவிய வாள்.
பேப்பரிலும் படம் வந்தது.

ஒருவரும் போன் எடுக்கவில்லை.

இரண்டாம் நாளே நான் கண்டேன்.
ஸ்கூட்டியை நிற்பாட்டவில்லை.
ஆரும் கேட்டால் மாற்றலாம் என்றிருந்தேன்.
ஏ.எல்லில் தமிழுக்கு
எனக்கு ஏ.

நேற்றுப் பின்னேரம் கரண்ட் போச்சு.
மெசின் பாதியில் நின்றது.
இருட்டுக்குள் அவன் கேட்டான்,
சண்டைக்கு இல்லை,
திறப்பை எங்கே வைத்தது என்று கேட்பதுபோல:

"அக்கா, நான் எப்பிடிப் பாஸ் பண்ணினனான்?"

பிறகு தானே சொன்னான்.
ரியூசனில் தந்த பேப்பர் நாற்பதும் பாடமாம்.
கேள்வியின்ர முதல் ரெண்டு சொல்லைப் பாத்தா
விடை தன்ரபாட்டில வருமாம்.
மிச்சச் சொல்லுகள் என்னத்துக்கு நிண்டதெண்டு
ஒருநாளும் யோசிக்கேல்லையாம்.
"ஒருத்தரும் கேக்கவுமில்லை."

எனக்கும் வாய் வரவில்லை.
அவனுக்குச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது நான்.
அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.
அது எனக்கு வசதி என்பதை
அந்த இருட்டில்தான் முதன்முதல்
எனக்கே சொன்னேன்.

கரண்ட் வந்தது.
பாதியில் நின்ற பிளெக்ஸ் உதவாது,
வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து அடிக்கவேணும்.
கத்தியை எடுத்தவன் வெட்டாமல் நின்றான்.
ஒரு பெட்டை, இந்த வருசத்துப் பிள்ளை.
நெற்றி வந்திருந்தது, பொட்டு வந்திருந்தது,
மூக்கின் பாதி.

அதற்குக் கீழே வெள்ளை.