வெட்டு பொருந்தும் இடம்

பவ்ரா எல்லையில், லாரிகள் நிற்கும் வளைவை ஒட்டி
என் தகர அறை.
சுங்கப் படிவம், காப்பீடு, நகல் என்று
மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறேன்.
மூன்றும் வெளுத்துவிட்டன.

மடிக்கணினிக்குப் பன்னிரண்டு வயது.
படிவத்தைத் திற என்றால்
விசிறி இரையும், திரை வெறிக்கும்.
அதற்குள் ஓட்டுநர் ஒரு சிகரெட்டை முடித்து
அடுத்ததற்கு நெருப்புக் கேட்பார்.

அன்று மைனஸ் பதினெட்டு.
பதினொரு லாரிகள்.
ஏழாவது ஹ்மாயாக், வனாட்ஸோர்க்காரர்,
கண்ணாடிப் புட்டிகளில் சோடா ஏற்றி வந்தவர்.
தாமதித்தால் சோடா உறையும்,
உறைந்தால் புட்டி வெடிக்கும்.
ஜன்னலைத் தட்டினார்:
"இதற்கு நினைவகம் எவ்வளவு?"
"இரண்டு ஜிபி."
"எனக்கே அதைவிட அதிகம்."
பின்னாலிருந்து ஒரு குரல்:
"போன மாதம் டீசல் மூடியை
கியும்ரியில் விட்டுவிட்டு வந்தவன் யார்?"

அவர் பதில் சொல்லாமல் லாரிக்குப் போனார்.
திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம்.
மகள் அர்ப்பினேவுக்காக வாங்கிய பழைய ரேம்.
அவள் கணினி புதுசு.
நடுவில் உள்ள வெட்டு நூலளவு தள்ளி இருந்ததாம்,
கடைக்காரன் திருப்பி வாங்கவில்லையாம்.
நான்கு மாதமாக பஞ்சர் ஒட்டுகளோடு
அதுவும் ஊர் சுற்றியிருக்கிறது.

"முதலில் இரும்பைத் தொடு" என்றார்.
கம்பளிச் சட்டைகளில் பொறி பறக்கும் குளிர்.
நான் அடுப்புக் குழாயைத் தொட்டேன்.
பிறகு வாஜா தொட்டான்,
பிறகு வேலையே இல்லாத நால்வரும்
கும்பிடாத குறையாகத் தொட்டார்கள்.

வாஜாவின் கத்திமுனைதான் திருப்புளி.
மூடி கழன்றதும் தூசி,
யாரோ கடித்துத் துப்பிய
ஒரு சூரியகாந்தித் தோல்,
ஒரு ரேம்,
அதன் பக்கத்தில் ஒரு காலி இடம்.
பன்னிரண்டு வருஷமாகக் காலி.
எனக்குத் தெரியவே தெரியாது.

"இதில் முன்பு யாருடையது என்ன இருந்ததோ?" என்றேன்.
"மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.
இதைப் போல மறக்கத் தெரிந்தவனை
நான் பார்த்ததில்லை."
என் தம்பி ஹ்ராந்தை அவருக்குத் தெரியாது.
கடன் வாங்கியவன்.

சாய்த்துச் செருகி அழுத்தினார்.
இயக்கினேன்.
கறுப்புத் திரை.
மூன்று முறை கூவியது.
வாஜா சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.
"இன்னும் உள்ளே போகணும்,"
மறுபடி கழற்றி, துடைத்து,
கட்டைவிரல் வெளுக்கும்வரை தள்ளினார்.
இருபுறமும் டிக், டிக்.

ஆறு ஜிபி என்று வந்தது.
ஜன்னலில் மூக்கு ஒட்டியிருந்தவர்களும்
அந்த ஆறை வாய்விட்டுப் படித்தார்கள்.

பணம் வேண்டாம் என்றார்,
முதலில் விட்டால் போதுமாம்.
முன்னால் நின்ற ஆறு பேரும்
தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.
நான் ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டேன்.
அவர் தலையசைத்து ஏழாவதாகவே நின்றார்.
அரை மணியில் அவர் முறை வந்துவிட்டது.

மறுவாரம் வந்தபோது
"மூன்று பெட்டி வெடித்தது" என்றார்,
யாரையும் குறை சொல்லாத குரலில்.
மேஜையில் ஒரு புட்டியை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது யாரும் இங்கே சிகரெட் முடிப்பதில்லை.
பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொள்கிறார்கள்.

அன்று ஒரு திருகாணி மிஞ்சியது.
எங்கே இருந்ததென்று இன்னும் பிடிபடவில்லை.