சொல்யூஷன்

லோகுவிடம் சைக்கிள் கிடையாது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
எல்லாருக்கும் தெரியும், எனக்கும்.
இருந்தும் வாரத்துக்கு மூன்று ட்யூப்
பஞ்சர் சொல்யூஷன் அவனுக்கு விற்றேன்.
சில்லறை சரியாக வைத்திருப்பான்.

பதினாலு வயசு.
மூக்கைச் சுற்றித் தோல் உரிந்திருக்கும்.
கூட்ஸ் வண்டி போகும்வரை பேசமாட்டான்.
போன பிறகும்.

ஏழு வயசிலிருந்து தெரியும் அவனை.
என் கடையின் பின்சுவர்தான் அவன் வீட்டுக்கும் பின்சுவர்.
ஒற்றைச் செங்கல்.
கலாவதி நைட் ஷிஃப்ட் போகிற நாளில்
சித்தப்பன் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான்.
செய்தி வாசிக்கிறவள்கூட அலறுவாள்.
அந்த அலறலுக்கு அடியில்
இன்னொன்று கேட்கும், சின்னதாக.

நான் கம்ப்ரஸரைப் போட்டுக்கொள்வேன்.
காற்றடிக்க ஒரு வண்டியும் நிற்காதபோதும்.

பிறகு எல்லாரும் அவனைத் திருத்தினார்கள்.
பள்ளிக்கூடம் டி.சி. கொடுத்தது.
ஸ்டேஷனில் முடியை வெட்டி அனுப்பினார்கள்.
கலாவதி திருத்தணிக்கு வேண்டிக்கொண்டாள்.
கெட்ட சகவாசம் என்றது தெரு.
கையில் டயர் லீவரோடு
நானும் தலையாட்டினேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
காசில்லாமல் வந்தான்.
கேட்கவும் இல்லை, உட்கார்ந்தான்.
யாருடையதோ ட்யூபைத் தொட்டித் தண்ணியில்
அமுக்கிக்கொண்டிருந்தேன்.
வால்வு பக்கத்தில் குமிழ் குமிழாய் வந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"ண்ணா, அப்பல்லாம் உனக்கு கேட்டுச்சா?"

"எது?" என்றேன்.

எது என்றேன்.

சிரித்தான். கீழ்ப்பல் ஒன்று கறுத்திருந்தது.
"ஒண்ணியும் இல்ல.
இத்த மோந்தா அந்த டிவி ஆஃப் ஆயிடுது.
அதாங்."

சித்தப்பன் ஓடிப்போய் நாலு வருஷம்.
டிவியைக்கூட அடகுக்கடையில் வைத்தாயிற்று.

மறுநாளிலிருந்து நான் விற்பதில்லை.
இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை,
தண்டையார்பேட்டையில் விற்கிறார்கள்.

இன்று விடிகாலை ஆறு மணி.
கம்பெனி பஸ் வந்து நிற்கிற முனையில்
மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும்
கறுப்புப் போகாத கைகளோடு நிற்கிறேன்.
என்ன சொல்வதென்று
ராத்திரியெல்லாம் கோத்துப் பார்த்தேன்.
மருத்துவமனை, டாக்டர், உன் பிள்ளைமேல் தப்பில்லை,
எதிலிருந்து தொடங்கினாலும்
முதல் வார்த்தை அவனுக்குச் சொல்லாத பதிலில்
போய் மாட்டுகிறது.

டிபன் பையை மார்போடு அணைத்தபடி
தூக்கக் கண்ணோடு கலாவதி இறங்குகிறாள்.
இவன் ஏன் இங்கே என்று பார்க்கிறாள்.

"கலாவதி,
எனக்குக் கேட்டுச்சு."