மெதுவாக ஏற்றுங்கள்

மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.
இருபத்தொரு வருஷம் ஃபுட்போர்டில் நின்றவனுக்கு
கடைசியில் ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது,
கண்டி ஆஸ்பத்திரியில்.

மிஸ் போத்தலைக் கொண்டுவருகிறாள்.
குலுக்கக் கூடாதாம், நுரைத்துவிடுமாம்.
கினிகத்தேனை வளைவுகளில்
குலுங்கிக் குலுங்கியே தேய்ந்த உடம்புக்குள்
குலுங்காத ஒன்று போகப்போகிறது.

ஒரு ஹோர்ன் சத்தத்தில்தான் தொடங்கியது.
வட்டவளையில் எதிரே வந்த லொறி
ஒரு தரம் அலறியது.
முதுகு பலகையானது.
விரலிடுக்கில் மடித்த நோட்டுகள் மடித்தபடியே இருக்க
வெட்டிய சவுக்குமரமாய்ச் சாய்ந்தேன்,
யாரோ ஒரு அக்காவின் லீக்ஸ் மூட்டைமேல்.

குடி என்றார்கள். நான் குடிப்பதில்லை.
பயம் என்றார்கள். அது உண்மை,
ஆனால் பிறகு வந்தது.
மங்களேஸ்வரி நூல் கட்டினாள்.
நூலோடு சேர்ந்து விறைத்தது கை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சின்ன டொக்டர்,
மீசைகூடச் சரியாக வரவில்லை,
என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு
தொட்ட விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
இரத்தம் கடல் தாண்டிப் போனது.
ஆறு கிழமையில் பதில் வந்தது.

நரம்புக்கும் பிரேக் உண்டாம்.
அந்தச் சாமானை
என் இரத்தமே கள்ளனென்று பிடித்து அடிக்கிறதாம்.
சிரித்துவிட்டேன்.
பிரேக் இல்லாத பஸ்ஸிலும் வேலை செய்திருக்கிறேன், டொக்டர்.
அதற்குச் சாரதி இருந்தார்.

இந்தப் போத்தலில் இருப்பது ஆட்கள்.
ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்திலிருந்து
பிரித்தெடுத்த தெளிவு.
எந்த ஊரிலோ, எந்தப் பனியிலோ
சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு நீட்டியவர்கள்.
ஒருவரும் என்னிடம் டிக்கட் வாங்கியவரில்லை.

"முதல் மணித்தியாலம் மெதுவாகத்தான் ஏற்றணும்."
தெரியும் மிஸ், ஏற்றுவது என் தொழில்.
இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட,
முன்னுக்குப் போங்க, நடுவில் இடமிருக்கு.
சொட்டு.
கதவில் தொங்காதீங்க.
சொட்டு.

இரண்டாம் மணித்தியாலம் தலை இடித்தது.
குளிர் வந்தது, எங்கள் தோட்டத்து ஜனவரிக் குளிர் இல்லை,
உள்ளிருந்து வெளியே வரும் குளிர்.
மிஸ் சொட்டைக் குறைத்தாள்.

விடியற்காலை பஸ்ஸில் வந்தாள் மங்களேஸ்வரி,
என் பஸ்ஸில்.
புதுப் பொடியன் டிக்கட் கிழிக்கிறானாம்,
மிச்சக்காசு கொடுக்கத் தெரியவில்லையாம்.
"ஜயசுந்தர ஐயா உங்களை நினைச்சு
ஹோர்ன் அடிக்காமலே ஓட்டினார்" என்றாள்.
பொய்.
கினிகத்தேனையில் ஹோர்ன் அடிக்காதவன்
கண்டி வந்து சேர்ந்ததில்லை.
பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றும்போது
மூடியை மெத்தையில் வைத்தாள்,
மேசையில் வைத்தால் சத்தம் கேட்கும் என்று.
இப்படித்தான் எங்கள் வீட்டில்
இரண்டு வருஷமாக எதுவும் விழுவதில்லை.

நான்காம் நாள்
வார்டின் மறுகோடியில் யாரோ தட்டைப் போட்டார்கள்.
எஃகுத் தட்டு, சீமெந்துத் தரை.
முதுகு பூட்டிக்கொண்டது, வழக்கம்போல.
தாடை, தொடை, வயிறு.
அவள் என் கையைப் பிடிக்கவில்லை,
பிடித்தால் கூடும் என்று அவளுக்குத் தெரியும்.
நான் எண்ணினேன்.
எண்ணுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம்.
எப்போதும் நாற்பதைத் தாண்டும்.

முப்பத்தொன்றில் சுண்டுவிரல் விட்டது.

டொக்டரிடம் சொல்லவில்லை.
மங்களேஸ்வரியிடமும்.
ஒருமுறை எண்ணிக்கை பிசகலாம்,
நெரிசலில் யாருக்குத்தான் பிசகாது.
தலையணைக்கடியில் கிடந்த பழைய டிக்கட்டின் முதுகில்
31 என்று மட்டும் எழுதி வைத்தேன்.

மிஸ் ஐந்தாவது போத்தலை மாட்டுகிறாள்.
கீழே பெரஹரை வீதியில் ஒரு பஸ்
நிற்கலாமா போகலாமா என்று உறுமுகிறது.
ஹோர்னுக்காகக் காத்திருக்கிறேன்.